பழைய படகின் தரையும் அதில் ஒட்டிய பசையும்

பழைய படகு வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே பிய்த்தெறிவது கார்ப்பெட்டைத்தான். ஊறிப்போய், பூசணம் பிடித்து, எத்தனையோ கோடைகளின் வாடையைத் தேக்கி வைத்திருக்கும் அதை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் முக்கால்வாசி கையோடு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை கண்ணில் படுகிறது. தரை முழுக்க மஞ்சளும் பழுப்புமாக ஒரு பசைப் படலம். சில இடத்தில் இன்னும் பிசுபிசுப்பு, சில இடத்தில் கல் மாதிரி இறுக்கம், நடுநடுவே கார்ப்பெட்டின் அடியில் இருந்த நுரை ஒட்டிக்கொண்ட திட்டுகள். பலர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். கிரைண்டரை எடுக்கிறார்கள், அல்லது கடையில் இருப்பதிலேயே கடுமையான ரிமூவரை வாங்கி ஊற்றுகிறார்கள். பசை போய்விடுகிறது, கூடவே தரையும் போய்விடுகிறது.

டீயை ஊற்றிக்கொள்ளுங்கள். இதை அவசரமில்லாமல் பேசினால்தான் புரியும்.

நான் சொல்வது அமெரிக்காவில் 1960, 70களில் கட்டப்பட்ட ஃபைபர்கிளாஸ் படகுகளைப் பற்றி. மிச்சிகன், மினசோட்டா, ஃபுளோரிடா மாநிலங்களில் வீட்டுக்குப் பின்னாலும் படகுத்துறைக் கொட்டகைகளிலும் இன்றும் இவை நிறையக் கிடக்கின்றன. ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ரே கிரீன் என்பவர் 1942-இல் கண்ணாடி நாரையும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்து ஒரு சிறு படகு செய்தார். 1958-இல் பாஸ்டன் வேலரின் 13 அடிப் படகு வந்தது. 1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் நிறுவனம் 28 அடி ட்ரைட்டன் பாய்மரப் படகை வைத்தது. மகாகனிப் பலகைக்குப் பேர்போன கிறிஸ்-கிராஃப்ட் கூட 1964-இல் 38 அடி கமாண்டரை ஃபைபரில் இறக்கியது. மரம் அழுகும், ஃபைபர் அழுகாது என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறை வாங்கியவர்களிடம் இருந்தது. அதனாலேயே தரையில் கார்ப்பெட் ஒட்டவும் யாரும் தயங்கவில்லை. பாலிப்ரோப்பிலீன் இழையில் செய்த, மழையில் நனைந்தாலும் இற்றுப்போகாத கார்ப்பெட் அப்போதுதான் மலிவாகப் பரவியது. வழுக்காது, காலைச் சுடாது, சத்தத்தை அடக்கும், தரையின் கரடுமுரடை மறைக்கும். கடைசியாகச் சொன்னதுதான் தொழிற்சாலைக்குப் பெரிய ஆதாயம்.

இந்தப் படகுகளின் உடம்பு தமிழ்நாட்டுக் கடலோர வாசகருக்குப் புதிதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் கட்டுமரங்களின் இடத்தில் பெருகிய ஃபைபர் படகுகளும் இதே கண்ணாடி நார், இதே ரெசின்தான். பளபளவென்று மேலே தெரிவது ஜெல்கோட் என்னும் நிறமேற்றிய ரெசின் பூச்சு. அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதற்குக் கீழே நாரும் ரெசினும் அடுக்கடுக்காக. தரை என்று வரும்போது, அந்த அடுக்குக்கு நடுவிலோ அடியிலோ பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். சில படகுகளில் பால்சா மரக் கட்டைகள் இருக்கும். அரை மில்லிமீட்டர் என்ற இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பசை எடுப்பதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பசைப் படலமும் கிட்டத்தட்ட அதே கனம். கிரைண்டருக்குப் பசை எது, ஜெல்கோட் எது என்று தெரியாது. பசை மிருதுவானது, ஜெல்கோட் கெட்டியானது. ஆனால் பசை ஓரிடத்தில் இருக்கும், அடுத்த அங்குலத்தில் இருக்காது. அங்கே சக்கரம் நேராகத் தரையைத் தின்னும்.

அடுத்து, அது என்ன பசை என்று பார்க்க வேண்டும். எல்லாப் பசைக்கும் ஒரே மருந்து கிடையாது.

பஞ்சர் கடையில் டியூபுக்குச் சொல்யூஷன் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். டியூபிலும் தடவி, பேட்சிலும் தடவி, கொஞ்சம் காயவிட்டு, பிறகு அழுத்துவார்கள். ஒட்டியது ஒட்டியதுதான். படகுத் தரையில் அதிகம் காணப்படும் மஞ்சள்-பழுப்புப் பசை அதே குடும்பம். ரப்பரைக் கரைப்பானில் கரைத்துத் தடவியது. கரைப்பான் ஆவியாகப் போய்விட்டது, ரப்பர் தரையில் தங்கிவிட்டது. அந்த ரப்பர் பெரும்பாலும் நியோப்ரீன். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு 1930-இல் கண்டுபிடித்த செயற்கை ரப்பர் அது. ஐந்து வருடம் கழித்து அதே குழுதான் நைலானையும் உருவாக்கியது. ஆக, சில படகுகளில் மேலே கிடந்த நைலான் கார்ப்பெட்டும் கீழே அதைப் பிடித்திருந்த பசையும் ஒரே ஆய்வுக்கூடத்தின் பிள்ளைகள். நம்மூர்த் தச்சர்கள் சன்மைக்கா ஒட்டும் மஞ்சள் பசையும் இந்த வகையைச் சேர்ந்ததே. இது தண்ணீருக்கு மசியாது. சரியான கரைப்பான் பட்டால் ஊதி, உப்பி, தயிர்போலத் தளர்ந்துவிடும்.

இரண்டாவது வகை, வீட்டுத் தரைக்கான லேடெக்ஸ் பசை. நீரில் கலந்து விற்பது. பின்னால் வந்த உரிமையாளர் யாராவது வீட்டில் மிஞ்சியதைக் கொண்டுவந்து கார்ப்பெட் மாற்றியிருந்தால் இதுதான் இருக்கும். வெளிறிய நிறத்தில், உலர்ந்தால் நொறுங்கும். வெந்நீரில் கொஞ்சம் சோப்புத் தூளைக் கரைத்து, துணியை நனைத்து மேலே போட்டு வைத்தால் பல சமயம் தானே இளகும்.

மூன்றாவது, பசையே இல்லாமல் பசை மாதிரித் தோன்றுவது. கார்ப்பெட்டின் அடியில் இருந்த ரப்பர் நுரை வயதாகி, ஆரஞ்சுப் பழுப்பு நிறத்தில் பொடியாகித் தரையில் அப்பியிருக்கும். இதற்கு எந்த ரசாயனமும் வேண்டாம். காய்ந்த நிலையிலேயே சுரண்டியால் தள்ளி, உறிஞ்சி எடுத்துவிடலாம். இதன்மேல் கரைப்பானை ஊற்றினால் பொடி கூழாகி, வேலை இரட்டிப்பாகும்.

நான்காவது கறுப்பு. தார் கலந்த கறுப்புப் பசை தெரிந்தால் சுரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அந்தக் காலத்துத் தரை ஓட்டுக்குப் பயன்பட்ட தார்ப் பசைகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்ததுண்டு. ஒரு துண்டை நனைத்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே தொட வேண்டும். பசைக்குக் கீழே பழைய பெயின்ட் தெரிந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் தடைசெய்யப்பட்டது 1978-இல். அதற்கு முந்தைய படகின் பெயின்ட்டைச் சோதிக்காமல் உப்புத்தாளால் தேய்க்கக்கூடாது.

பசையை இனங்கண்டாயிற்று. கருவியை எடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்தத் தரைமேல் அடுத்து என்ன வரப்போகிறது? இதைக் கேட்காமல் தொடங்குகிறவர்களே தேவையில்லாமல் உழைக்கிறார்கள். மேலே மறுபடி கார்ப்பெட்தான் என்றால், தளர்ந்த பசையும் மேடுகளும் போனால் போதும். இறுகப் பிடித்திருக்கும் மெல்லிய படலம் இருந்துவிட்டுப் போகலாம். பெயின்ட்டோ எபாக்ஸியோ என்றால் ஒரு பொட்டுப் பசையும் இருக்கக்கூடாது. ரப்பர்மேல் பூசிய பெயின்ட் ஒரே கோடையில் தோலாக உரிந்து வரும். தொழிற்சாலையில் கார்ப்பெட் போடப்பட்ட பல படகுகளில் அதன் அடியில் ஜெல்கோட்டே இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக நெய்த கண்ணாடி நார் அப்படியே கரடாக நிற்கும், பசை அதன் கண்களுக்குள் இறங்கியிருக்கும். அப்படிப்பட்ட தரையைக் கண்ணாடிபோல் ஆக்க முயல்வது வீண். மேட்டுப்பகுதியைச் சுத்தம் செய்து, கரைப்பானால் கண்களை முடிந்தவரை வழித்து, கடைசியில் தேய்த்துச் சரிசெய்வதே அங்கே வழி.

சுரண்டி எப்போதும் முதலில். எந்த ரசாயனமும் இல்லாமல், வெறும் கையால். இரும்புச் சுரண்டியின் இரண்டு முனைகளையும் அரத்தால் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். தரையில் கோடு விழுவது நடு விளிம்பினால் அன்று, அந்தக் கூர்முனைகளால்தான். தகட்டைப் படுக்கவைத்த கோணத்தில் தள்ள வேண்டும், நிமிர்த்தினால் வெட்டும். விளிம்பு மழுங்கியதும் பலத்தைக் கூட்டாமல் அரத்தை எடுத்துத் தீட்டுங்கள். நல்ல ஜெல்கோட் உள்ள இடத்தில் பிளாஸ்டிக் பிளேடே போதும். குளிர்காலம் இந்த வேலைக்கு உதவும். ரப்பர்ப் பசை வெயிலில் இழுபடும், குளிரில் விறைக்கும். மிச்சிகன் இலையுதிர்கால இறுதியின் காலைக் குளிரில், கோடையில் மிட்டாய்போல் இழுத்த பசை சில்லுச் சில்லாகப் பெயர்வதுண்டு. எதிர்த்திசையில் போக விரும்பினால் சூடு. ஹீட் கன்னை மிகக் குறைந்த நிலையில் வைத்து, ஓரிடத்தில் நிற்கவிடாமல் ஆட்டிக்கொண்டே, இளகியதைச் சுரண்ட வேண்டும். அந்தக் கருவி 500 டிகிரி செல்சியஸ் வரை போகும். சாதாரண பாலியெஸ்டர் ரெசினோ 60, 70 டிகிரியைத் தாண்டும்போதே இளகத் தொடங்கும். ஜெல்கோட் கொப்பளித்தால் அதைத் திருப்ப முடியாது. கரைப்பான் திறந்திருக்கும் நாளில் ஹீட் கன்னைப் படகுக்குள் கொண்டுபோகவே கூடாது.

உப்புத்தாள் இந்தக் கட்டத்துக்கு உரியதில்லை. சுழலும் தாளின் சூட்டில் ரப்பர் உருகித் தாளை அடைத்துவிடும். அடைத்த தாள் மேலும் சூடேற்றி, பசையைத் தரைமேலேயே தேய்த்துப் பரப்பும். துளைக்கருவியில் மாட்டும் கம்பித் தூரிகையும் அப்படியே. பசையைச் சுவரெல்லாம் தெறிக்கவிட்டு, ஜெல்கோட்டில் வட்ட வட்டமாகக் கீறல் போடும். அழுத்த நீர்ப் பீச்சியால் அடிக்கும் பழக்கமும் இருக்கிறது. பசை பெயரும், அதை மறுக்கவில்லை. ஆனால் கார்ப்பெட் அடித்த ஸ்டேப்பிள் துளைகள் தரையெங்கும் இருக்கும். அந்த அழுத்தத்தில் நீர் ஒவ்வொரு துளை வழியாகவும் பிளைவுட்டுக்குள் ஏறும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சுரண்டியபின் மிஞ்சும் படலத்துக்குத்தான் கரைப்பான். இங்கே விரிவாகப் பேசியாக வேண்டும், ஏனென்றால் மனிதர்களுக்கு ஆபத்து நேர்வது இந்தப் பகுதியில்.

நக பாலிஷ் அழிக்கும் அசிட்டோனைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். அது ரப்பர்ப் பசையை இளக்கும். ஆனால் 56 டிகிரியில் கொதிக்கிற திரவம் அது. திறந்த தரையில் ஊற்றினால் பசைக்குள் இறங்கும் முன்பே பாதி பறந்துவிடும். துணியில் ஊற்றி மூடி வைத்தால் பசையோடு ஜெல்கோட்டையும் இளக்கத் தொடங்கும். துடைத்து எடுக்க அசிட்டோன் சரி, ஊறவைக்கச் சரிப்படாது. சைலீன் ரப்பருக்கு இன்னும் நன்றாக வேலை செய்யும், 140 டிகிரி அளவில் கொதிப்பதால் மெதுவாகவே ஆவியாகும். ஆனால் அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும். பழைய ரிமூவர்களில் இருந்த டைகுளோரோமீத்தேன் எல்லாவற்றையும் கரைக்கும், ஜெல்கோட்டையும் சேர்த்து. உடம்புக்குள் போனால் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய இடங்களில் அதை வைத்து வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019-இல் பொதுமக்களுக்கான பெயின்ட் ரிமூவரில் அதைத் தடை செய்தது, 2024-இல் மற்றப் பெரும்பாலான பயன்பாடுகளையும் தடுத்தது. கொட்டகை மூலையில் பழைய டின் கிடைத்தாலும் அதைத் திறக்காதீர்கள்.

என் தேர்வு மெதுவானவை. ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் கலந்த ரிமூவர், அல்லது சோயா எண்ணெயிலிருந்து செய்யும் கூழ் வகை. இவை மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். தாராளமாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை அழுத்திவிட்டு நகர்ந்துவிட வேண்டும். சில மணி நேரம் கழித்துத் தாளைத் தூக்கினால் பசை உப்பி, தரையை விட்டு எழுந்து நிற்கும். அதன்மேல் ஒரு கைப்பிடி மரத்தூளைத் தூவுங்கள். தூள் கூழை உறிஞ்சி உருண்டை உருண்டையாகத் திரளும், சுரண்டியில் அப்படியே அள்ளிவிடலாம். தரையில் வழுக்காமல் தடுக்க வார்த்த கட்டம் கட்டமான வரிகள் இருந்தால் விறைப்பான நைலான் தூரிகையால் அந்தக் குழிகளைத் தேய்க்க வேண்டும். மெதுவான கரைப்பானுக்கு ஒரு குறை உண்டு: எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப்போகும். அதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை துடைத்தே தீர வேண்டும். ஆரஞ்சு என்றதும் சாதுவானது என்று நினைத்துவிடவும் கூடாது. காற்றுப் பட்டுப் பழசான லிமோனீன் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், கையுறை கட்டாயம்.

எதை வாங்கினாலும் முதலில் ஒரு சதுர அடியில் சோதித்துப் பாருங்கள். கதவோரமாக, கண்ணில் படாத இடத்தில். இரண்டு மூன்று கரைப்பானைச் சிறு சிறு திட்டாகத் தடவி, அலுமினியத் தாளால் மூடி, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எது பசையை இளக்குகிறது, எது தரையை ஒட்டும்படி ஆக்குகிறது என்று தெரிந்துவிடும். தரையை இளக்காமல் பசையை இளக்குவதில் எது மிகச் சாதுவோ அதுவே உங்களுக்கு வேண்டியது.

இனி ஆவி. வீட்டுத் தரைக்கும் படகுத் தரைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதில் இருக்கிறது. வீட்டில் ஜன்னலைத் திறந்தால் காற்று போகும். படகு ஒரு தொட்டி. அசிட்டோன் ஆவி காற்றைவிட இரண்டு மடங்கு கனம், சைலீன் மூன்று மடங்குக்கு மேல். அவை மேலே எழாமல் கீழே வழிந்து, தரைக்கு அடியில் நீர் தேங்கும் பில்ஜ் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கேதான் நீரை வெளியேற்றும் பம்ப் இருக்கிறது, நீர்மட்டம் ஏறினால் தானாகவே அதை ஓடவிடும் மிதவைச் சுவிட்ச் இருக்கிறது, பேட்டரிக் கம்பிகள் இருக்கின்றன. அசிட்டோன், நீர் உறையும் நிலைக்கும் கீழே, கழித்தல் 20 டிகிரியிலேயே தீப்பற்றத் தேவையான ஆவியை விடக்கூடியது. சைலீனுக்கு இது அறை வெப்பத்தை ஒட்டியது. லிமோனீனுக்கு 48 டிகிரி அளவு. நான் மெதுவானவற்றைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம். அமெரிக்கப் பெட்ரோல் படகுகளில், எஞ்சினைக் கிளப்பும் முன் ஆவி உறிஞ்சும் விசிறியை 4 நிமிடம் ஓட்டச் சொல்லும் எச்சரிக்கைப் பலகை சட்டப்படியே ஒட்டப்பட்டிருக்கும். பில்ஜில் தேங்கும் ஆவிக்கு அந்த நாட்டுப் படகுக்காரர்கள் கொடுத்த விலைதான் அந்தப் பலகை.

அதனால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோல் தொட்டியின் மூடியையும் குழாய்களையும் பாருங்கள். மின்விசிறி வைத்தால் வெளியிலிருந்து நல்ல காற்றை உள்ளே தள்ளும்படி வையுங்கள். ஆவி விசிறியின் மோட்டார் வழியாகப் போகக்கூடாது. ஆவி இருக்கும்போது வேக்குவம் கிளீனரையும் இயக்காதீர்கள். வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்துக்குப் படகைக் கரையேற்றிப் பிளாஸ்டிக் உறையால் இறுக மூடிவிடுவார்கள். அந்த உறைக்குள் வெறும் சுரண்டல் வேலை செய்யலாம், கரைப்பான் வேலை செய்யவே கூடாது. முகத்துக்குத் துணி முகமூடி உதவாது, கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும். கையுறையிலும் கவனம் தேவை: எல்லோரும் நம்பி மாட்டும் நீல நைட்ரைல் கையுறையை அசிட்டோன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். அசிட்டோனுக்குப் பியூட்டைல் ரப்பர் கையுறை. இரண்டு பேராக வேலை செய்வது நல்லது, ஒருவர் எப்போதும் வெளியே.

இன்னொரு சின்ன விஷயம், பலரும் விட்டுவிடுவது. தரையின் கீழ்ச் சட்டங்களில் நீர் ஓடிப் பில்ஜுக்குப் போகச் சிறு துளைகள் இருக்கும். சுரண்டிய பசைத் துணுக்குகள் அவற்றை அடைத்தால் பம்ப் எத்தனை நல்லதாக இருந்தாலும் பயனில்லை. வேலைக்கு முன்பே டேப் ஒட்டி மூடுங்கள், முடிந்ததும் மறக்காமல் பிரியுங்கள். அள்ளிய கூழும் ஊறிய துணிகளும் நச்சுக் கழிவு. துணிகளைக் குவிக்காமல் வெளியே விரித்துக் காயவைத்து, ஊராட்சியின் நச்சுக் கழிவு சேகரிப்பு நாளில் ஒப்படைக்க வேண்டும். மிச்சிகனைச் சுற்றியுள்ள பேரேரிகளின் நீரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட மக்கள் குடிக்கிறார்கள். படகுத்துறைச் சரளையில் ஊற்றுவது அவர்கள் குடத்தில் ஊற்றுவதுதான்.

மரத்தரை கிடைத்தால் கதை வேறு. பாய்மரப் படகுகளின் அறைக்குள் கார்ப்பெட்டைத் தூக்கும்போது, அகலமான தேக்கு வரிகளுக்கு இடையே வெளிர்நிற ஹாலி மரத்தின் மெல்லிய கோடுகள் ஓடும் பழைய தரை வெளிப்படுவதுண்டு. அழகானது, ஆனால் முழுத் தேக்குப் பலகை என்று எண்ணிவிட வேண்டாம். அது பிளைவுட்டின் முகத்தில் ஒட்டிய, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தோல். இங்கே மெஷினால் தேய்ப்பது கொடுமை. ஒரு ஓரத்தில் தோல் கிழிந்தால் முழுத் தரையும் கெடும். மரம் ஜெல்கோட்டைவிடச் சூட்டைத் தாங்கும், எனவே மிதமான சூடும், நார் போகும் திசையிலேயே ஓடும் கூரிய சுரண்டியும் முதல் வழி. கரைப்பானைக் குறைவாக, துணியில் மட்டும். அதிகம் ஊற்றினால் கரைந்த பசை மரத்தின் கண்களுக்குள் இறங்கி, பிறகு எந்த வார்னிஷும் பிடிக்காது.

ஃபைபரோ மரமோ, பசை போன தரையைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நலம். மந்தமாகக் கேட்டால் உள்ளே பிளைவுட் ஊறியிருக்கிறது. கார்ப்பெட் நனைந்தபடியே மாதக்கணக்கில் கிடந்தது, பசை ஈரத்தை மேலே போகவிடவில்லை, ஸ்டேப்பிள் துளைகள் கீழே வழி காட்டின. அழுகலுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. மந்தமான இடத்தில் ஊசியைக் குத்திப் பாருங்கள், இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிது வைக்க வேண்டும். அழுகிய தரைமேல் பசையைச் சுத்தம் செய்வதில் பொருளில்லை என்பதால், இந்தத் தட்டிப் பார்க்கும் வேலையைக் கார்ப்பெட் போன அன்றே ஒருமுறை செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

சுத்தமாகிவிட்டதா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். தரைமேல் கொஞ்சம் நல்ல தண்ணீரைத் தெளியுங்கள். ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால், கண்ணுக்குத் தெரியாத எண்ணெயோ மெழுகோ ரப்பரோ இன்னும் இருக்கிறது. அப்போது கரைப்பானில் நனைத்த துணியால் ஒரு இழுப்பு, அது உலரும் முன்பே காய்ந்த சுத்தத் துணியால் இன்னொரு இழுப்பு. ஒரே துணியால் தேய்த்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. தண்ணீர் படலமாக நின்று, தரை உலர்ந்த பிறகுதான் உப்புத்தாள்: 80 எண் போதும். முன்னாலேயே தேய்த்தால் அந்தப் பிசுக்கைக் கீறல்களுக்குள் அழுத்திவிடுவீர்கள். ஸ்டேப்பிள், திருகாணித் துளைகள் ஒவ்வொன்றையும் கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, கெட்டிப்படுத்திய எபாக்ஸியால் அடைக்க வேண்டும். மிச்சிகனின் பே சிட்டியில் கூஜன் சகோதரர்கள் படகுக்கென்றே எபாக்ஸியைப் பக்குவப்படுத்திய காலத்திலிருந்து இந்த அடைப்பு முறை வீட்டில் செய்பவர்களுக்கும் எட்டிவிட்டது. பிறகு வழுக்காத மணல் கலந்த தரைப் பெயின்ட் இரண்டு கை. ஒரு பழைய படகுக்கு இதைவிட நேர்மையான தரை கிடையாது என்பது என் கருத்து.

காலுக்கு மெத்தென்று வேண்டும் என்பவர்கள் கார்ப்பெட்டை அளவாக வெட்டி, ஓரம் தைத்து, பட்டன் வைத்துப் போடுங்கள். பட்டன் திருகாணிகளின் துளைகளையும் எபாக்ஸியால் காப்பிட்டு விடுங்கள். நனைந்த அன்று கழற்றிக் கரையில் காயப்போடலாம். இப்போது எங்கும் விற்கும், உரித்து ஒட்டும் நுரைத் தாள்கள் பார்க்க அழகுதான், ஆனால் அவற்றின் முதுகிலும் பசை இருக்கிறது. இருபது வருடத்தில் அதுவும் மஞ்சளாகும். நீங்கள் இத்தனை பாடுபட்டுச் சுத்தம் செய்த தரையில் மறுபடி எதையும் ஒட்டாதீர்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் படகை வாங்கப்போகிறவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.